ஃபோர்டிகேட் 60எஃப்: நிர்வாகப் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது

சாட்ஸ்வொர்த்_கணக்கு:
வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் பன்னிரண்டு கணினி உள்ள கணக்கர் அலுவலகம். சுவரில் ஃபைபர் பெட்டி, அடுத்து இணைய நிறுவனம் தந்த ரவுட்டர், அதற்கடுத்து ஃபேக்டரி ரீசெட் செய்த ஃபோர்டிகேட் 60எஃப் ஃபயர்வால் (வலையமைப்பைக் காக்கும் பெட்டி). லேப்டாப்பை ஏ போர்ட்டில் செருகி, பெட்டியின் ஆரம்ப முகவரியான 192.168.1.99 அடித்தால் ஒன்றும் வருவதில்லை. ரவுட்டரின் வைஃபையும் 192.168.1 முகவரி வரிசைதான். உள்ளே போக என்ன வழி? போன பிறகு, வான்1-இல் (இணையப் பக்கப் போர்ட்) எச்டிடிபிஎஸ்-ஐ, அதாவது நிர்வாகப் பக்கத்தை, திறந்துவிட்டு வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமா?

கம்பிவேலி:
ஏ, பி இரண்டும் ஃபோர்டிலிங்க்குக்கு ஒதுக்கியவை, அதே நிறுவனத்தின் ஃபோர்டிஸ்விட்ச் என்ற ஸ்விட்ச் பெட்டியை மாட்டும் இடம். கேபிளை 1 முதல் 5 வரை எதிலாவது மாற்றுங்கள். முக்கியமாக லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்பதால் லேப்டாப் 192.168.1.99-ஐ ரவுட்டர் பக்கம் தேடப் போய்விடும். 192.168.1.110-இலிருந்து 210-க்குள் ஒரு முகவரி தானாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும், தாண்டிப் போகலாம். பயனர் அட்மின், கடவுச்சொல் காலி; உடனே புதியது கேட்கும்.

அப்படியும் வராவிட்டால் கன்சோல் கேபிள். புட்டி என்ற இலவச டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. பலர் 115200 வைத்துவிட்டு, திரையில் கிறுக்கல் வருகிறது, பெட்டி செத்துவிட்டது என்கிறார்கள்.

உள்ளே போனதும் லேன் (அலுவலக உள் வலை) முகவரியை 10.20.30.1 மாதிரி மாற்றுங்கள். ஒரே வரிசையை இரண்டு போர்ட்டில் ஃபோர்டிகேட் ஏற்காது, ரவுட்டர் 192.168.1-இல் இருக்கும்வரை வான்1-க்கு இணையம் வராது. கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வரம்பையும் கூடவே மாற்றுங்கள். சேமித்த நொடியில் பக்கம் அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். கேபிளைக் கழற்றிச் செருகிப் புது முகவரியில் திறங்கள்.

நடுராத்திரி_லாக்:
இரண்டாவது கேள்விக்கு: கூடவே கூடாது. கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. சி.வி.இ.-2022-40684-ம் சி.வி.இ.-2024-55591-ம் (சி.வி.இ. என்பது பாதுகாப்பு ஓட்டைகளின் பதிவு எண்) கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகியாக நுழைய விட்ட ஓட்டைகள். இரண்டாவது, பெட்டியின் மென்பொருளான ஃபோர்டிஓஎஸ் 7.0-இல் 7.0.17-இல்தான் அடைபட்டது. வான்1-இல் நிர்வாக அணுகல் எதையும் டிக் செய்யாதீர்கள்.

வீட்டிலிருந்து வர ஐபிசெக் வகை விபிஎன் (மறையாக்கிய இணைப்பு) போடுங்கள். இன்னொரு வகையான எஸ்எஸ்எல் விபிஎன் பக்கம் போக வேண்டாம். 2 ஜிபி ராம் உள்ள 60எஃப் போன்றவற்றில் ஃபோர்டிஓஎஸ் 7.6.0-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். ரவுட்டர் முன்னால் நிற்பதால், ஐபிசெக் பயன்படுத்தும் யுடிபி போர்ட் எண்கள் 500, 4500 இரண்டையும் அங்கிருந்து வான்1-க்குத் திருப்ப வேண்டும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் எதைத் திருப்பியும் பயனில்லை, அது இணைய நிறுவனம் பலருக்கும் ஒரே வெளி முகவரியைப் பகிரும் அமைப்புக்குள் (சிஜிநாட்) இருக்கிறது. நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள். பெட்டியோடு இரண்டு ஃபோர்டிடோக்கன் மொபைல் (நுழையும்போது கேட்கும் ஒருமுறை எண்ணைத் தரும் கைபேசி செயலி) இலவசம். ஒன்றை நிர்வாகிக்கே கொடுத்துவிடுங்கள்.

நேர மண்டலத்தைத் தென்னாப்பிரிக்க நேரமான ஜிஎம்டி+2 ஆக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் யார் எப்போது நுழைந்தார் என்று லாகில் தேடும்போது தலைசுற்றும்.

சாட்ஸ்வொர்த்_கணக்கு:
போர்ட் 2-இல் திறந்துவிட்டது, நன்றி. டிரஸ்டட் ஹோஸ்ட் (நிர்வாகி எந்த முகவரிகளிலிருந்து நுழையலாம் என்ற பட்டியல்) போட வேண்டுமா?

கம்பிவேலி:
போடுங்கள், ஆனால் லேன் வரிசை, விபிஎன் வரிசை இரண்டையும் சேர்த்து. விபிஎன்னை விட்டுவிட்டால் வீட்டிலிருந்து இணைப்பு வரும், பக்கம் மட்டும் வராது. எல்லா நிர்வாகிக்கும் டிரஸ்டட் ஹோஸ்ட் இருந்தால் பட்டியலில் இல்லாத கணினிக்குப் பிங் பதில்கூட வராது. அதைப் பார்த்துக் கேபிள் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று முறை கடவுச்சொல் தவறினால் 60 நொடி பூட்டு.

அமைப்புகளின் பேக்கப்பைக் கடவுச்சொல்லோடு எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

உம்லாசி_ஓரம்:
லோட்ஷெட்டிங் (அட்டவணைப்படி வரும் மின்வெட்டு) பற்றி யாரும் சொல்லவில்லையே. மின்சாரம் போகும் முன் கன்சோலில் எக்ஸிக்யூட் ஷட்டவுன் என்ற கட்டளையைக் கொடுத்து அணையுங்கள். பட்டென்று போனால் அடுத்த முறை நுழையும்போது கோப்பு அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். மினி யுபிஎஸ் வாங்கினால் 12 வோல்ட், அடாப்டரில் அச்சிட்ட ஆம்பியருக்குக் குறையாமல். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் அதிலேயே இருக்க வேண்டும், ஃபயர்வால் மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன்? ஃபர்ம்வேர் (பெட்டியின் மென்பொருள்) மாற்றும் நாளில் முதலில் மின்வெட்டு அட்டவணையைப் பாருங்கள்.