கண்ணாடி வெட்டுவது சுலபம், ஈயத்துக்குள் அடக்குவதுதான் பாடு

ஈயம் வைத்துக் கட்டும் பழைய முறை வண்ணக் கண்ணாடி வேலையைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "கை அறுபடாதா?" என்றுதான். அறுபடும். பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அடுத்த துண்டை எடுக்க வேண்டியதுதான். ஆளைப் படுத்துவது அது இல்லை, அரை மில்லிமீட்டர்.

முதலில் வெட்டுவதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டு என்பது பேருக்குத்தான். கட்டரின் சின்னச் சக்கரம் கண்ணாடியின் மேல் ஒரு கீறலைப் போடுகிறது, அவ்வளவே. அந்தக் கீறலின் இரண்டு பக்கமும் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினால் கண்ணாடி அதன் வழியே தானாக விட்டுக்கொள்ளும். அழுத்தம் சரியாக இருந்தால் பட்டுத்துணி கிழிவது போல மெல்லிய, சீரான சத்தம் வரும். கரகரவென்று வெள்ளைப் பொடி கிளம்பினால் கை அதிகமாக அழுத்துகிறது. போட்ட கீறலின் மேலேயே மறுபடி ஓட்டக் கூடாது. ஓட்டினால் கீறல் பிசிறடித்துவிடும், உடைப்பு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, கட்டர் சக்கரமும் வீணாகும்.

நேர்க்கோடு சீக்கிரம் வந்துவிடும். உள்பக்கமாகக் குழிந்த வளைவு அப்படி வராது. ஒரே கீறலில் எடுக்கப் பார்த்தால் கண்ணாடி நேராக ஓடித் துண்டு இரண்டாகும். பிறை பிறையாகப் பல கீறல்கள் போட்டு, விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடித்து எடுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் பிசிறைக் குறட்டின் வாயாலேயே கொறித்துக் கொறித்துச் சரிசெய்வது. 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி எழுதி வைத்த செய்முறையில் கட்டரே கிடையாது. காய்ச்சிய இரும்பை வைத்து விரிசல் விடச் செய்து, அப்புறம் கொறிக்கும் இரும்பால்தான் துண்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் கையில் இருப்பது பெரிய சொகுசு.

வெட்டு கைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் ஈயப் பட்டையைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். புதுப் பட்டை தொய்ந்து முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒரு முனையை மேசையில் பொருத்திய பிடியில் மாட்டி, மறுமுனையைக் குறட்டால் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். கொஞ்சம் நீண்டு, நேராகி, விறைப்பாகும். ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். பட்டை அறுந்தால் மல்லாந்து விழக் கூடாதே.

இந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் படுக்கப் போட்ட எச் எழுத்து. நடுவில் ஒரு தண்டு, மேலும் கீழும் இதழ்கள். கண்ணாடி இரண்டு பக்கத்திலிருந்தும் இந்த இதழ்களுக்கு இடையே நுழைந்து நிற்கும். இதழின் அகலம் 6 மில்லிமீட்டர், தண்டின் கனம் 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் தண்டு நிற்கிறது. அதனால்தான் வரைபடத்தைக் கூர்மையான பென்சிலால் போடாமல், தண்டின் கனத்துக்குச் சமமான தடித்த பேனாவால் போடுகிறோம். கண்ணாடியை அந்தக் கோட்டின் உள்விளிம்போடு வெட்ட வேண்டும். துண்டுகளை எல்லாம் படத்தின் மேல் அடுக்கினால் கோட்டின் கறுப்பு முழுசாகக் கண்ணில் பட வேண்டும்.

என்னோடு படித்தவர்களில் கை நேர்த்தியில் முதல் ஆள் நகை வேலை செய்பவர். அவர் வெட்டிய துண்டுகளை அடுக்கியபோது இடையில் நூல் நுழையாது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "அழகாத்தான் வெட்டியிருக்கீங்க. ஈயத்துக்கு இடம் எங்கே?" என்றார். எட்டுத் துண்டுகள் ஒரு வரிசை என்றால் நடுவில் ஏழு தண்டுகள். ஏழுக்கும் இடம் விடவில்லை என்றால் பேனல், அதாவது கட்டி முடித்த கண்ணாடிப் பலகை, ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும், அது போக வேண்டிய சட்டத்துக்குள் போகாது. கோட்டின் நடுவில் வெட்டினால் இதுதான் நடக்கும்.

இதில் ஒரு பாரபட்சம் இருக்கிறது, அதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். சின்னதாகிப் போன துண்டை ஈயம் மன்னிக்கும். இதழ் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கண்ணாடியின் மேல் படிகிறது, ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் வெளியே தெரியவே தெரியாது. பெரிதாகிப் போனதை மன்னிக்காது. அது பக்கத்துத் துண்டைத் தள்ளும், அது அடுத்ததைத் தள்ளும், மூலைக்குப் போய்ச் சேரும்போது எந்தத் துண்டு குற்றவாளி என்றே கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் வைத்த கையோடு படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கதை கந்தல்தான்.

கட்டுவது மூலையிலிருந்து. இரண்டு ரீப்பர்களை மூலைமட்டம் வைத்துச் செங்கோணமாகப் பலகையில் அடித்து, வெளிப் பட்டைகளை அந்த மூலையில் வைத்து, முதல் துண்டை உள்ளே தள்ளுகிறோம். பட்டையை வெட்டும்போது கத்தியை ஒரே அழுத்தாக அழுத்தினால் எச் நசுங்கிப்போகும். இதழின் மேல் கத்தியை வைத்து இடமும் வலமும் லேசாக ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். குறுக்கே வரப்போகும் பட்டையின் இதழ் உட்காருவதற்காக நுனியைக் கொஞ்சம் குறைத்தே வெட்ட வேண்டும். வைத்த துண்டு நழுவாமல் இருக்க லாட ஆணி. சாதா ஆணி உருண்டை, கண்ணாடி விளிம்பைச் சில்லு எடுத்துவிடும். லாட ஆணிக்குத் தட்டையான முகம் இருக்கிறது, அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி அடித்தால் பதமாக நிற்கும்.

பற்றவைப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றுக்கம்பி 183 முதல் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பட்டையில் இருக்கும் ஈயம் 327இல் உருகும். சால்டரிங் அயர்னின் முனையோ பெரும்பாலும் அதைவிடச் சூடு. அதாவது, இணைப்பைப் பற்றவைக்கிற கருவியே இணைப்பைக் கரைத்துவிடவும் முடியும். தயங்கித் தயங்கி முனையை அங்கேயே வைத்திருந்தால் பட்டையில் ஓட்டை விழும். இணைப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, கொழுப்பு மெழுகுவத்தியைத் தடவி, கம்பியை இணைப்பின் மேல் பிடித்து, முனையால் மேலிருந்து தொட்டு எடுத்துவிட வேண்டும். பற்று தட்டையான பொட்டாகப் பரவி நிற்கும். குமிழியாக உருண்டு நின்றால் ஈயம் சரியாகச் சுத்தமாகவில்லை, அல்லது சூடு போதவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். அது பக்கத்தில் இருந்தால் கட்டர் கை தேறாது.

*

மேலே எழுதியவர் இயந்திரம் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனக்கு விரல் மூட்டில் வலி உண்டு, குறட்டால் கொறித்துக்கொண்டே இருக்க முடியாது. ஈயப் பட்டைக்குள் போகிற விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். செம்புப் பட்டி ஒட்டிச் செய்கிற டிஃபனி முறைக்குத்தான் விளிம்பு துல்லியமாக வேண்டும். ஆனாலும் குழிந்த வளைவு ஒன்றிரண்டுக்கு இயந்திரத்தில் ஈரமாகத் தேய்ப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. கண்ணாடித் தூள் பறக்காமல் தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பற்றவைத்ததோடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக அடுத்த கட்டத்தை நான் எழுதுகிறேன். பற்றவைத்த பேனலைக் கையில் எடுத்து ஆட்டினால் கடகடவென்று ஆடும். கண்ணாடிக்கும் இதழுக்கும் நடுவே காற்றுதான் இருக்கிறது. அதை அடைப்பதற்குச் சிமென்ட் என்று பேர், கட்டடச் சிமென்ட் இல்லை. வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூள், கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன், நிறத்துக்குப் புகைக்கரி. கெட்டியான கூழ்ப் பதம். தரை தேய்க்கும் பிரஷ்ஷால் அதை எல்லாத் திசையிலும் இதழுக்கடியில் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். பேனல் முழுக்க ஒரே சேறு. அவ்வளவு நாள் பாடுபட்டுச் செய்ததை நாமே பாழாக்குகிற மாதிரி வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் இதழை அழுத்தி மூடி, உலர்ந்த சுண்ணத்தூளைத் தூவி, சுத்தமான பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினால் தூள் எண்ணெயை எல்லாம் வாரிக்கொண்டு வரும். கண்ணாடி தெளியத் தொடங்கும், ஈயம் கறுத்துக்கொண்டே போகும். கூர்மையான மரக்குச்சியால் ஒவ்வொரு பட்டை ஓரமாகவும் ஓட்டி, பிதுங்கியதை எடுக்க வேண்டும். மறுபக்கமும் இதே வேலை. பின்பு சில நாட்கள் சமதளத்தில் கிடக்க வேண்டும், அந்த நாட்களிலும் எண்ணெய் கசியும், மறுபடி குச்சியோடு உட்கார வேண்டியிருக்கும். இந்த வேலைக்குப் பின்தான் பேனல் விறைப்பாக நிற்கிறது, மழைத் தண்ணீரையும் தடுக்கிறது. பலருக்கு இது பிடிக்காது. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதியே இதுதான், ஏனென்று கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான், அப்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

*

பேனலைத் திருப்புவது பற்றி யாரும் சொல்லவில்லை. சிமென்ட் ஏறுவதற்கு முன் அதைப் படுத்த வாக்கில் தூக்கவே கூடாது, நடுவில் தொய்ந்து கண்ணாடி விரிசல் விடும். மேசை ஓரத்துக்கு இழுத்து, பாதி வெளியே வந்ததும் மேசை விளிம்பையே அச்சாக வைத்துச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். நின்றபடி இருக்கும்போதுதான் அதற்குப் பலம். பெரிய சன்னல்களில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து, பேனலைச் செம்புக் கம்பியால் அதோடு கட்டியிருப்பதும் இதனால்தான்.

*

நான் மாட்டிக்கொண்டது நிறத்தில். மேசை மேல் கிடக்கும் கண்ணாடியின் நிறம் பொய். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் அதன் சுபாவம் தெரியும். மேசையில் கறுப்புப் பலகை மாதிரி கிடந்த ஒரு துண்டு சன்னலில் வைத்ததும் அடர் ஊதாவாக எழுந்தது. மென்மையான பச்சை என்று நான் ஆசையாக எடுத்து வைத்தது வெளுத்துப்போய் ஒன்றுமில்லாமல் ஆனது. இன்னொன்று, நீலம் பரவும். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒல்லியான ஈயம் வைத்தால் தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் கலந்து ஊதாவாகத் தெரியும். ஈயத்தின் கறுப்பு அங்கே வெறும் இணைப்பு இல்லை, நிறத்துக்கு நிறம் போட்ட வேலி. அதனால் எல்லா இடத்திலும் ஒரே அகலப் பட்டையைப் போடாமல், கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அகலத்தைக் கூட்டச் சொன்னார்கள்.

ஊதிச் செய்த சிவப்புக் கண்ணாடி வாங்கினால் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி முழுக்கவே அடர் சிவப்பாக இருந்தால் வெளிச்சம் நுழையாமல் கறுத்துவிடும். ஆகவே நிறமில்லாத கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் மட்டும் போர்த்தியிருப்பார்கள். கட்டரை அந்தப் படலத்தின் மேல் ஓட்டாமல், மறுபக்கத்தில் ஓட்டுவது நல்லது. படலம் எந்தப் பக்கம் என்று விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

*

ஈயம் உடம்புக்கு ஆகாதே, பயமில்லையா என்று தனியாகக் கேட்டவருக்கு: பற்றவைக்கும்போது வரும் புகை பெரும்பாலும் மெழுகின் புகை. ஈயம் 1,700 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அயர்ன் சூட்டில் ஆவியாவது மிகக் குறைவு. சன்னலைத் திறந்து வையுங்கள், போதும். கவனிக்க வேண்டியது கையும் தூசியும். பட்டையைத் தொட்ட கையால் எதையும் வாயில் வைக்காதீர்கள், வேலை மேசையில் சாப்பாடு கூடாது, முடிந்ததும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். மேசையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள். பழைய சன்னலைப் பிரிக்கிறீர்கள் என்றால் இன்னும் ஜாக்கிரதை, பட்டை மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி ஈயத்தின் துருதான். அதற்குத் தூசி வடிகட்டும் நல்ல முகமூடி போட்டே ஆக வேண்டும். தொடர்ந்து செய்வதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம்.