விமான டிக்கெட் ரத்து: வரிப் பணத்தைக் கார்டுக்கே திரும்பப் பெற்றவர்கள் உண்டா?

வணக்கம். மதுரையிலிருந்து பெங்களூருக்கு மலிவு விமானம் ஒன்றில் அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல். நாலு நாள் முன்னாடியே ரத்து செய்துவிட்டேன். சலுகைக் கட்டணம், அது போனால் போகட்டும்.

ஆனால் நாமே ரத்து செய்தாலும் வரிகளையும் யுடிஎஃப் எனும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். விமான நிறுவனத்தாரோ அந்தத் தொகையை ‘கிரெடிட் ஷெல்’ என்று, அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் இருப்பாகத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அப்படி வைப்பது பயணியின் விருப்பம் என்றும் அதே விதி சொல்கிறது; என்னை யார் கேட்டார்கள்? போன் செய்தால் அரை மணி நேரம் பாட்டுதான் ஓடுகிறது.

விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் போட்டு கார்டுக்கே பணம் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது? கட்டண விவரம் உள்ள டிக்கெட்டை மட்டும் இணைத்தால் போதுமா?