டெமோ கேசட்டில் சுருதி போகப்போக அரைக்கட்டை ஏறுகிறது, உதவி வேண்டும்

கோத்தகிரியான்:
மாமாவின் பழைய பெட்டியில் அமெரிக்க ராக் குழு கன்ஸ் அண்ட் ரோசஸின் டெமோ (ஆல்பத்துக்கு முந்தைய சோதனைப் பதிவு) கேசட் ஒன்று கிடைத்தது. 1987-இல் முதல் ஆல்பம், அப்புறம் 1991-இல் ஒரே நாளில் இரண்டு 'யூஸ் யுவர் இல்யூஷன்', மொத்தம் 30 பாட்டு. நடுவில் 1989 வாக்கில் ஒரு ஆல்பம் வந்திருந்தால் அதில் என்னென்ன இருந்திருக்கும் என்று மாமா அட்டையில் பென்சிலால் வரிசை போட்டு வைத்திருக்கிறார், எல்பி இசைத்தட்டின் பக்கத்துக்கு நாலு. அதை அப்படியே செய்து பார்க்க ஆசை. ஆனால் முதல் பாட்டு சரியாக ஓடுகிறது, நாலாவது வரும்போது பாடகர் ஆக்ஸல் ரோஸ் கோழிக்குஞ்சு மாதிரி கத்துகிறார். வேகத்தைக் குறைத்தால் கடைசிப் பாட்டு சரியாகி முதல் பாட்டு இழுக்கிறது. டேப் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வேறு.

குன்னூர் பழசு:
தம்பி, முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். அது பூஞ்சை, நம் மலை ஈரத்துக்கு என் கேசட் பாதி அப்படித்தான் போயிற்று. சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் நாலைந்து நாள் வையுங்கள். ஓட்டிய டெக்கின் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், இல்லையென்றால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அப்புறம், 1988-இல் அவர்களின் 'லைஸ்' ஆல்பம் வந்ததே?

கோத்தகிரியான்:
அது 8 பாட்டு அண்ணா, அதில் பாதி பழைய சரக்கு. மாமா அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கொடை கிட்டார்:
கரண்டில் பதிந்ததா, பேட்டரியிலா?

கோத்தகிரியான்:
போனில் கேட்டேன். எஸ்டேட் ஜீப் ஸ்டீரியோவில் பாட்டை ஓடவிட்டு, டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) பழைய பேட்டரி போட்டு, மழையில் உட்கார்ந்து பிடித்தாராம். தார்ப்பாயில் மழை விழுவது நன்றாகவே கேட்கிறது.

கொடை கிட்டார்:
அப்போது அதுதான் காரணம். பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகி, டேப் மெதுவாக நகர்ந்தபடி பதிந்திருக்கிறது. நல்ல டெக்கில் போட்டால் ஏறத்தான் செய்யும். ஒரே எண் உதவாது, ஆடாசிட்டியில் (கணினியில் ஒலி திருத்தும் மென்பொருள்) வேகத்தைப் போகப்போக மாற்றும் டைம் டிராக் சேர்த்து, தொடக்கத்தில் வேகம் 100 சதவீதம் வைத்து முடிவை 94 பக்கம் இறக்குங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் வேண்டாம், நேரமும் சேர்ந்துதான் சுருங்கியிருக்கிறது. இந்தக் குழுவினர் கிட்டாரை அரைக்கட்டை இறக்கி மீட்டுபவர்கள், அதனால் அடித்தந்தி ஈ-ஃபிளாட்டில் (ஈ சுருதிக்கு அரைக்கட்டை கீழே) நிற்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். ஈ காட்டினால் இன்னும் இறங்க வேண்டும். அவர்களின் 'நவம்பர் ரெயின்' பாட்டின் 1986 பியானோ டெமோ 2018 பெட்டித் தொகுப்பில் வந்துவிட்டது, அதைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒத்துப்பாருங்கள்.

குன்னூர் பழசு:
பியானோ டெமோ கிட்டத்தட்ட 10 நிமிடம். அதோடு இன்னும் மூன்று பாட்டு ஒரு எல்பி பக்கத்தில் அடங்குமா? 22 நிமிடம் தாண்டினாலே சத்தம் குறைந்துபோகும்.

கோத்தகிரியான்:
டைம் டிராக் வேலை செய்தது! கடைசியில் 94.5. முதல் பாட்டை நகர்த்தவே இல்லை. இரண்டாம் பக்கம் 24 நிமிடம் வருகிறது அண்ணா. எதை வெட்டுவது என்று மாமாவிடம் கேட்டால் ஒன்றையும் விடமாட்டேன் என்கிறார்.