புதுப்பிப்பு: பாட்டியின் பிறந்த நாளைக் கண்டுபிடிப்பது

பாட்டியின் வாழ்க்கையை எழுதிவைக்க, முதலில் பிறந்த தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம் மூன்றையும் கேளுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது.

ஆங்கிரச வருடம் 1932 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1933 ஏப்ரல் நடுவில்தான் முடியும். ஆகவே ஆங்கிரச தை என்றால் 1933. இதைக் கவனிக்காமல் பலர் ஒரு வயதைக் கூட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது நட்சத்திரம். 27 நாளுக்கொருமுறை அதே நட்சத்திரம் திரும்புவதால், மாத ஆரம்பத்தில் வந்தது கடைசியிலும் வரும். பழைய பஞ்சாங்கத்தில் இரண்டு தேதி கிடைத்தால் கிழமையைக் கேளுங்கள். பெரும்பாலும் "வெள்ளிக்கிழமை பிறந்தவ" என்ற ஒரு சொல் போதும். ஆதாரில் ஜனவரி 1 என்றிருந்தால் நம்ப வேண்டாம். வருடம் மட்டும் சொன்ன பலருக்கு அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

வருடப் பெயரே நினைவில்லையா? கல்யாண வருடத்தை வைத்துக் கணிக்கலாம்; கல்யாண மொய் அணாவிலா, நயா பைசாவிலா என்று கேளுங்கள். ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய், ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. மாறிய பிறகும் சில வருடம் அணாக் கணக்கு பேச்சில் இருந்ததால், இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது என்றும் கேளுங்கள். பிள்ளைகளின் வயதை எந்தப் பாட்டியும் மறப்பதில்லை.