எஸ்390எக்ஸ் (ஐபிஎம்மின் 64 பிட் பிராசசர் வகை) மெயின்பிரேமில் கம்பைல் செய்தவர்கள் இங்கே எழுதுங்கள்

நிரலன்:
ஐபிஎம் லினக்ஸ்ஒன் கம்யூனிட்டி கிளவுடில் கிடைப்பது நியூயார்க் மாநிலத்து மாரிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஓடும் மெயின்பிரேமில் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி). 120 நாள் இலவசம்; திறமூலத் திட்டங்கள் தனியாக விண்ணப்பித்தால் நீண்ட நாளைக்கும் தருவார்கள். வழக்கமாக 2 சிபியு, 4 ஜிபி ரேம்தான். மெயின்பிரேம்தானே என்று மேக்குக்கு ஜே16 (ஒரே நேரத்தில் 16 வேலை) கொடுத்தால் கதை முடிந்தது. பெரிய சி++ கோப்பு ஒன்றுக்கே கம்பைலர் 1 ஜிபிக்கு மேல் தின்னும். ரேம் தீர்ந்ததும் கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் 'கில்டு' என்று மட்டும் வரும், காரணத்தை டிமெஸ்கில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) பாருங்கள். ஜே2 போதும், கூடவே ரேம் போதாதபோது உதவ வட்டில் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு. கட்டுவது எல்எல்விஎம் (கம்பைலர் தொகுப்பு) என்றால் டார்கெட் சிஸ்டம்இசட் (எஸ்390எக்ஸுக்கு அதில் உள்ள பெயர்) மட்டும், லிங்க் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

பைட்வரிசை:
கம்பைல் ஆவது பெரிய விஷயமில்லை சகோ, டெஸ்டில்தான் வண்டவாளம் தெரியும். இது பிக் எண்டியன்: எண்ணின் உயர் பைட் நினைவகத்தில் முதலில் வரும், வழக்கமான பிசியின் எக்ஸ்86இல் கடைசியில். 64 பிட் லாங் மாறியின் முகவரியை இன்ட் சுட்டியாக மாற்றி ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறீர்கள், அது 1 எழுதுகிறது. லாங்கில் முன்பே 0 இருந்தால் எக்ஸ்86இல் 1 வரும்; இங்கே அந்த 1 மேல்பாதியில் விழுந்து 4294967296 ஆகிவிடும். இப்படி ஒரு எண்ணைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், வார்னிங்கை அடக்கப் போட்ட காஸ்டை (வகை மாற்றத்தை) தேடுங்கள்.

இன்னொன்று, இங்கே சார் அன்சைன்டு, மைனஸ் எண் அதில் நிற்காது. கெட்சார் தருவதைச் சாரில் வாங்கி இஓஎஃப்போடு (கோப்பு முடிந்ததைச் சொல்லும் மைனஸ் எண்) ஒப்பிட்டால் லூப் நிற்கவே நிற்காது. சைன்டு சார் ஃபிளாக் போட்டதும் சரியானால் பிழை இதுதான். ஃபிளாகை அப்படியே விட்டுவிடாமல் மாறியை இன்ட் ஆக்குங்கள்.

கொங்குத்தறி:
மார்ச் நேட்டிவ் (கட்டும் இயந்திரத்தின் சிபியுவுக்கே ஏற்றபடி கட்டும் கம்பைலர் ஃபிளாக்) போட வேண்டாம். இசட்15 மெயின்பிரேமில் அப்படிக் கட்டியதைப் பழைய இசட்13இல் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழலாம். பிறருக்குக் கொடுக்கும் பைனரி என்றால் மார்ச் இசட்13 வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எச்இஎல் (ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) 8க்கு அதுவே குறைந்தபட்சம், 9க்கு இசட்14.

பில்டு திடீரென்று மந்தமானால் டாப் கட்டளையில் 'எஸ்டி' எண்ணைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் சிபியு பக்கத்து விஎம்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் மேக்ஃபைலைக் குடைந்து பயனில்லை.

நிரலன்:
@பைட்வரிசை, அந்த இரண்டு பிழையும் வீட்டு லேப்டாப்பில் கியூஎம்யூ (வேறு சிபியுவைப் போல நடிக்கும் மென்பொருள்) யூசர் மோடிலேயே சிக்கும். கியூஎம்யூவை அமைத்துவிட்டு டாக்கரில் பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/எஸ்390எக்ஸ் கொடுத்தால் போதும். ஆமை வேகம்தான், யூனிட் டெஸ்டுக்குத் தாங்கும். கோ மொழி என்றால் கோஆர்க் மாறியில் எஸ்390எக்ஸ் வைத்து லேப்டாப்பிலேயே கிராஸ் கம்பைல் செய்து, பைனரியை மட்டும் விஎம்முக்கு அனுப்பலாம். சிகோ (கோ நிரலில் சி நிரலைக் கலப்பது) இருந்தால் மட்டும் கிராஸ் ஜிசிசியும் வேண்டும்.