லேஸ் பக்: தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்கு முன் வேண்டும்)

கிளிநொச்சி ஆசிரியை:
வணக்கம். அழகுச் செடிகளைத் தாக்கும் லேஸ் பக் பற்றி உயர்தர விவசாயப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறேன். பெயர்தான் இல்லை. பூச்சி 3 முதல் 6 மில்லிமீற்றர், தட்டையானது, இறக்கை முழுக்கக் கண்ணறை. இலையின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும். மேற்பக்கம் புள்ளி புள்ளியாக வெளிறும். அடியில் எச்சம் பிசின் காய்ந்ததுபோலக் கறுப்பாக ஒட்டியிருக்கும். 'வலைப்பூச்சி' எனலாமா?

வவுனியா மொழிபெயர்ப்பாளர்:
வேண்டாம் ரீச்சர். பிள்ளைகள் இலையில் வலை தேடுவார்கள். வலை கட்டுவது சிற்றுண்ணி. இரண்டையும் பிரித்தறிய உதவுவதே அந்தக் கறுப்பு எச்சம்தான். இந்தியாவில் வாழை, மஞ்சளில் வரும் இனத்தைக் 'கண்ணாடி இறக்கைப் பூச்சி' என்கிறார்கள். அதையே எடுங்கோ.

முல்லைத்தீவு:
வில்லங்கம். முன்னால் 'பச்சை' சேர்த்து அதே பெயரைத்தான் கிரைசோபெர்லா என்ற நன்மை செய்யும் பூச்சிக்கும் எழுதுகிறார்கள். அதன் குடம்பி லேஸ் பக்கைத் தின்னும். பிரசுரத்தை வாசித்தவன் நல்லதுக்கும் சேர்த்து மருந்தடிப்பான். 'சல்லடைப்பூச்சி'?

வவுனியா மொழிபெயர்ப்பாளர்:
இலையில் ஓட்டை விழும் என்று நினைப்பார்கள். இது கடிப்பதில்லை.

மடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அடிச்சொல்லை விட்டுவிட்டு அடைமொழிக்கு அடிபடுகிறீர்கள். இவ்வினத்துக்கு 'நாவாய்ப்பூச்சி' என்ற சொல் ஏற்கெனவே உண்டு. நெல்லில் கதிர் நாவாய்ப்பூச்சி. சங்கப் பாட்டில் நாவாய் கப்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே நா + வாய், நாவே வாயானது என்று பிரிப்பேன். குத்தி உறிஞ்சும் அலகுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ஆகவே 'பின்னற்சிறை நாவாய்'.

முல்லைத்தீவு:
ஐயா, சிறை என்றால் வன்னியில் ஆருக்கு இறக்கை ஞாபகம் வரும்?

வவுனியா மொழிபெயர்ப்பாளர்:
அப்படியென்றால் 'பின்னற்சிறகி'. இதையும் கேளுங்கள்: நாயுண்ணிப் (லந்தானா) பற்றைகளை அழிக்கவென்றே லேஸ் பக்கில் ஓர் இனத்தை 1941இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே இனம் உகண்டாவில் எள்ளில் ஏறிவிட்டது. எங்களிடமும் எள்ளு உண்டு.

மாங்குளம், நாற்றுமேடை வைத்திருப்பவர்:
என்னிடம் வரும் சனத்துக்கு 'லேஸ் பூச்சி' என்றால் போதும். சட்டைக்கு லேஸ் வைத்துத் தைக்காத வீடு எது? பெயரை விடுங்கோ, வழியைச் சரியாகப் போடுங்கோ. ஹோஸ் வாயை விரலால் அமத்தி, இலையின் அடியில் தண்ணியைப் பீய்ச்ச வேண்டும். குஞ்சுகளுக்குப் பறக்கும் இறக்கை இல்லை, விழுந்தால் பெரும்பாலும் திரும்ப ஏறாது. மிஞ்சினால் வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு, அதுவும் அடியில்தான். மேலே அடித்தால் காசு நட்டம். முட்டை இலைக்குள் புதைந்திருப்பதால் ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் பாருங்கோ. பூத்து நிற்கிற செடிக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கூடவே கூடாது, தேனீ சாகும். வெளிறிய இலை பிறகு பச்சையாகாது என்பதையும் எழுதுங்கோ. இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப அடிப்பார்கள்.

கிளிநொச்சி ஆசிரியை:
நன்றி அண்ணை, அதை அப்படியே சேர்க்கிறேன். சரி, தலைப்பில் 'லேஸ் பூச்சி', உள்ளே ஒருமுறை 'பின்னற்சிறகி'. மூன்று பேர் சம்மதம்.

மடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நான் சம்மதிக்கவில்லை. லகரம் மொழிக்கு முதலில் வராது. 'இலேசுப் பூச்சி' என்றாவது போடுங்கள்.

மாங்குளம், நாற்றுமேடை வைத்திருப்பவர்:
இலேசில் போகாத பூச்சி ஐயா இது.

மடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அது வேறு இலேசு. நாவாய் பற்றிய விரிவான மடல் இரவுக்கு வரும்.