வயித்து வலின்னு வர்றவங்கள்ல யாரை வீட்டுக்கு அனுப்பவே கூடாது?

புது ஹவுஸ்சர்ஜன்:
காசுவாலிட்டி போஸ்டிங் ரெண்டாவது வாரம். நேத்து நைட்டு 60 தாண்டின ஒரு அம்மா வந்தாங்க, கொடலைப் புடுங்குதே சாமின்னு ஒரே கதறல், கட்டில்ல இருப்பு கொள்ளல, ஆனா வயித்துல கை வச்சா மெத்துன்னு இருக்கு, அமுக்கினாலும் எங்கயும் இறுக்கம் இல்ல. வாயுத் தொல்லையா (கேஸ்) இருக்கும்னு பேன்டோபிரசோல்ங்கிற அசிடிட்டி மருந்தைப் போட்டு ஒரு மணி நேரம் பாத்துட்டு அனுப்பிடலாம்னு இருந்தேன். சிஸ்டர்தான் பல்ஸ் தாறுமாறா ஓடுதுன்னு ஈசிஜி எடுத்தாங்க, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம போறது. சர்ஜரி பிஜி (மேற்படிப்பு படிக்கிற டாக்டர்) அண்ணா வந்து பாத்ததும் கான்ட்ராஸ்ட் சிடிக்கு (மருந்து ஏத்தி எடுக்கிற ஸ்கேன்) அனுப்பினாரு, குடலுக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்ச கட்டி அடைச்சிருக்கு, நேரா தியேட்டர். வீட்டுக்கு அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு தூக்கமே வரல. இந்த மாதிரி கேஸை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

காசுவாலிட்டி டாக்டர்:
தம்பி, நீங்க பாத்ததுதான் அதுக்கு முக்கியமான அடையாளமே. வலி பயங்கரமா இருக்கு, வயிறு மெத்துன்னு இருக்கு, இது ரெண்டும் பொருந்தலன்னா குடலுக்கு ரத்தம் போகுதான்னு யோசிங்க, வயிறு கல்லா இறுகுற வரைக்கும் காத்திருந்தா குடல் அழுகிடும். ரத்தம் போகாத திசுவுல சேர்ற லேக்டேட், ரத்த டெஸ்ட்ல ஆரம்பத்துல நார்மலா வந்தாலும் நம்பாதீங்க. வயசானவங்களுக்குப் பல சமயம் காய்ச்சலும் இருக்காது, ரத்தத்துல வெள்ளணுவும் ஏறாது, உள்ள குடல் ஓட்டையாகி இருக்கும், அதனால 60க்கு மேல யார் வந்தாலும் என் வாயில கேஸுங்கிற வார்த்தை கடைசியாதான் வரும். மேல் வயித்து வலி, வேர்வை, அதுவும் சுகர் பேஷன்ட்னா 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துடணும், இதயத்தோட அடிப்பக்கத்து அட்டாக் அப்படியே நெஞ்செரிச்சல் மாதிரி வரலாம். 60 வயசுக்கு மேல பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் வாழ்க்கையில முதல் தடவையா கிட்னி கல் வலின்னு வந்தா, கல்லுன்னு எழுதறதுக்கு முன்னாடி ஸ்கேன் வச்சு அயோர்ட்டாவை (இதயத்துல இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்) பாருங்க, அது வீங்கி வெடிச்சாலும் விலாவுலயும் முதுகுலயும் வலிக்கும்.

இன்னொன்னு, பொண்ணுங்க. குழந்தை பிறக்கிற வயசுல யார் வந்தாலும் யூரின் பிரெக்னன்சி டெஸ்ட் போடுங்க, கல்யாணம் ஆகலன்னு சொன்னாலும், குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சுன்னு சொன்னாலும் போடுங்க. அம்மாவையும் புருஷனையும் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லிட்டு மெதுவா கேளுங்க. பாத்ரூம்ல மயங்கி விழுந்தா, தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னா, கருக்குழாய்ல தங்கின கரு வெடிச்சு வயித்துக்குள்ள ரத்தம் ஓடுதான்னு உடனே பாக்கணும்.

ஸ்டாஃப் நர்ஸ்:
டாக்டர் தம்பி, நான் பேஷன்ட் படுத்திருக்கிற விதத்தைத்தான் முதல்ல பாப்பேன். கல் வலிக்காரங்க உருளுவாங்க, எந்திரிப்பாங்க, குனிவாங்க. குடல் ஓட்டையாகி உள்ள சீழ் பரவினவங்க முழங்காலை மடக்கிட்டு அசையாம கிடப்பாங்க, மூச்சைக்கூட இழுத்து விட மாட்டாங்க. எங்க வார்டு வாசல்ல ஒரு மேடு இருக்கு, ஸ்ட்ரெச்சர் சக்கரம் அதுல ஏறி இறங்கும்போது முகம் சுருங்கினா உடனே சர்ஜரிக்கு போன் போட்டுடுவேன்.

ஒரு அம்மா:
நான் டாக்டர் இல்லங்க, எங்க வீட்டுல நடந்தது. பையனுக்கு அப்போ 11 வயசு, தொப்புளைச் சுத்தி வலின்னான், சாப்பாடு வேண்டாம்னுட்டான், கண்ணு பட்டிருக்கும்னு சுத்திப் போட்டு ஓமத் தண்ணி குடுத்தேன். மறுநாள் வலி வலது அடிவயித்துக்கு எறங்கிருச்சு, ஆட்டோ குலுங்கினப்ப கத்தினான். பக்கத்துல இருந்த கிளினிக்ல ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. நைட்டு திடீர்னு வலி குறைஞ்சுடுச்சு, நாங்களும் நிம்மதியா தூங்கிட்டோம். விடிஞ்சு பாத்தா வயிறு உப்பி கல்லு மாதிரி இருக்கு. அப்பென்டிக்ஸ் வெடிச்சதாலதான் வலி அடங்குச்சாம். அந்த ஒரு ராத்திரியை இப்ப நெனச்சாலும் வயிறு கலங்குது.

சர்ஜரி பிஜி:
அம்மா சொல்றது ரொம்ப சரி. பசங்கன்னா இன்னும் ரெண்டு விஷயம். அடிவயித்து வலின்னு வர்ற பையனோட டவுசரைக் கழட்டி விரையைப் பாக்காம விடாதீங்க, வெக்கப்பட்டு சொல்ல மாட்டாங்க, முறுக்கியிருந்தா 6 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணணும். வாந்தியோட மூச்சு வேகமா வாங்கினா குளூக்கோமீட்டர்ல ஒரு குத்து குத்துங்க, சுகர் ஏறி அமிலம் சேந்தாலும் வயிறு வலிக்கும். அப்புறம், வலி ஊசி போட்டா நோய் மறைஞ்சிடும்னு யாராவது தடுத்தா கேக்காதீங்க, அது பழைய காலத்து நம்பிக்கை. வலி கொஞ்சம் அடங்கினாதான் வயித்தை ஒழுங்கா அமுக்கிப் பாக்கவே முடியும்.

புது ஹவுஸ்சர்ஜன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த அம்மாவுக்கு சிறுகுடல்ல கொஞ்சம் எடுத்திருக்காங்க, ஐசியூல இருக்காங்க. மதியம் போய்ப் பாத்தேன், கண்ணைத் தெறந்து தண்ணி கேட்டாங்க.